பின்பக்கத் திருப்பம்

சிதம்பரத்தில் நடந்த கராத்தே கறுப்புப் பட்டைத் தேர்வில் ராஜவேல் இரண்டாவது முறையும் தோற்றான். இரண்டு முறையும் ஒரே இடத்தில்தான். கட்டா என்பது எதிராளி இல்லாமலே, இருப்பதாக நினைத்துக்கொண்டு, அடியும் தடுப்புமாக வரிசை பிசகாமல் செய்துகாட்டுவது. அவன் செய்தது பஸ்ஸாய் என்ற கட்டா. அதில் முதலில் முன்னால் பாய்ந்து ஊன்ற வேண்டும். அடுத்த கணமே, பின்னாலிருந்து வருகிறவனைத் திரும்பித் தடுக்க வேண்டும். பாய்ச்சல் அவனுக்கு நன்றாகவே வந்தது. திரும்பும்போது குதிகால் தூக்கியது, தோள் முந்திக்கொண்டது, தடுத்த கை காற்றில் அலைந்தது.

சென்னையிலிருந்து வந்திருந்த தேர்வாளர், "பின்னாடி யாரு வராங்கன்னே நீங்க பாக்கல சார்," என்றார்.

அது 2010 பிப்ரவரி. ராஜவேலுக்கு முப்பத்தாறு வயது. குடிகாட்டுப் பக்கம் ஒரு சாயக் கம்பெனியில் ஆபரேட்டர். ஏழு வருடமாகத் திருப்பாதிரிப்புலியூரில், ஒரு நெல் மண்டியின் மொட்டைமாடியில், ஜமாலுதீன் மாஸ்டரிடம் பயின்று வந்தான். கடலூர் திரும்பும் பஸ்ஸில் மாஸ்டர் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"முன்னல்லாம் நல்லா திரும்புவியேப்பா. ரெண்டு மூணு வருசமாத்தான் இப்படி."

ராஜவேல் மடியிலிருந்த பையின் ஜிப்பை இழுத்து மூடினான்.

அவனோடு பயிற்சிக்கு வரும் இசைவாணி பிசியோதெரபிஸ்ட். இடுப்பும் முட்டியும் பிடித்துக்கொண்டு வருகிறவர்களை நடக்கவைப்பது அவள் வேலை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அவள் தன் செல்போனில் அவனுடைய கட்டாவைப் படம் பிடித்தாள். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் இருவரும் உட்கார்ந்து பார்த்தார்கள்.

"பாயுறவரைக்கும் சரியாத்தான் இருக்குண்ணே. இப்ப பாருங்க, இடுப்பு திரும்புது, தல இன்னும் முன்னாடியே நிக்குது. கழுத்து வராம இடுப்ப மட்டும் இழுத்தா குதிகால் தூக்கத்தான் செய்யும். கண்ணு வேற மூடியிருக்கு."

"நான் எங்க மூடுறேன்?"

அவள் படத்தை நிறுத்திக் காட்டினாள். இறுக மூடியிருந்தது.

"அடி, தடுப்பு எதுவும் இப்ப வேணாம். மொதல்ல பார்வ. அப்புறம் முகவாய். அதுக்கப்புறம் இடுப்பு. காலு தானா வரும். மெதுவா அம்பது தடவ பண்ணுங்க."

அவன் செய்தான். முதல் பத்துப் பதினைந்து முறை எதுவும் இல்லை. அதன் பிறகு, முகவாய் தோளைத் தாண்டிய நேரத்தில், பிளீச்சிங் பவுடர் நெடி மூக்கில் ஏறியது. மாடிப்படி தொடங்கும் இடத்தில் நீல யூனிஃபார்ம் போட்ட ஒருவர் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி நின்றார். ராஜவேல் இமைத்தான். கொடியில் யாரோ காயப்போட்டிருந்த சாக்குகள்தான் இருந்தன.

"என்னண்ணே, மயக்கமா?"

"வெயிலு ஜாஸ்தியா இருக்கு."

நின்றவர் யாரென்று அவனுக்குத் தெரியும். 2007 ஜூலையில் ஒரு பிற்பகல், கம்பெனியில் தரைமட்டத்துக்குக் கீழே இருந்த பம்பு அறையில் குழாய் இணைப்பு விட்டு குளோரின் கசிந்தது. உள்ளே இருந்தது இரண்டு பேர், ராஜவேலும் அவனோடு வேலை செய்த தில்லைநாதனும். ராஜவேல் இரும்புப் படியில் முன்னால் ஏறி ஓடினான். பின்னால் வந்த தில்லைநாதனின் கால், ஆறு மாதமாக உடைந்துகிடந்த படித்தட்டில் மாட்டிக்கொண்டது. அவர் கூப்பிட்டது சைரனையும் மீறிக் கேட்டது. ராஜவேல் திரும்பவில்லை. வெளியே வந்து வேலியோரம் வாந்தி எடுத்தான். முகமூடி போட்டவர்கள் உள்ளே போனபோது தில்லைநாதன் காலை எப்படியோ உருவிக்கொண்டு, இரண்டு படி மேலே ஏறி, குப்புற விழுந்துகிடந்தார். உயிர் இல்லை.

விசாரணையில், யாராவது கூப்பிட்டார்களா என்று கேட்டார்கள். "சைரன் சத்தத்துல ஒண்ணும் கேக்கல சார்," என்றான் ராஜவேல். எச்சரிக்கையை மதிக்காமல் உள்ளேயே நின்றுவிட்டார் என்று அறிக்கையில் எழுதினார்கள். படித்தட்டைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

இசைவாணி விடவில்லை. வாரம் மூன்று நாள் அந்த ஒரு அசைவையே செய்யவைத்தாள். முதுகுத்தண்டை நிமிர்த்தி, எடையை ஊன்றிய காலில் இறக்கி, தலையின் உயரம் மாறாமல் சுழலக் கற்றுக்கொண்டான். திருப்பம் திருந்தத் திருந்த தில்லைநாதன் தெளிவானார். முதலில் யூனிஃபார்ம் மட்டும் தெரிந்தது. பிறகு சட்டைப்பையில் கிரீஸ் கறை. ஜூன் மாதத்தில் முகமும் தெரிந்தது. அதில் கோபம் இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருப்பவரைப் போல நின்றார். கடைத்தெருவில் பின்னாலிருந்து யாராவது யாரையாவது கூப்பிட்டால் ராஜவேலின் நடை தானாக வேகமெடுத்தது. கட்டாவை விட்டுவிடலாமா என்று பல நாள் யோசித்தான். விட்டால், அவரை இன்னொரு முறை விட்டுவிட்டு ஓடியதாகிவிடும் என்று தோன்றியது.

ஆகஸ்ட்டில் மறுபடி சிதம்பரம். மேலவீதிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். ராஜவேல் பாய்ந்தான், ஊன்றினான், பார்த்தான், திரும்பினான். கை போய் நின்ற இடத்தில் அசையாமல் நின்றது. அதே தேர்வாளர்தான். "இப்பத்தான் நெசமாவே ஒருத்தரப் பாத்துத் தடுக்குறீங்க," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

ரயிலுக்காகப் பிளாட்பாரத்தில் நிற்கும்போது, கூட வந்திருந்த இசைவாணியிடம் அவன் எல்லாவற்றையும் சொன்னான். கடைசியில், "அடிக்க வர்றவனத்தானம்மா தடுக்கணும்? அவரு அடிக்க வரல. கூப்புட்டுக்கிட்டு வராரு. நான் அவர கைய நீட்டித் தடுக்குறேன். அதுக்குத்தான் இன்னைக்கு பட்ட குடுத்தாங்க," என்றான்.

இசைவாணி தோளிலிருந்த பையைக் கீழே இறக்கி வைத்தாள்.

"அவுங்க வீட்டுல தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப எங்கிட்ட சொல்லி என்ன ஆவப்போவுது?"

தில்லைநாதனின் மனைவி ராசம்மாள் மேல்பட்டாம்பாக்கத்தில் தையல் வேலை செய்துவந்தாள். அவன் போனபோது ஜாக்கெட் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். அவன் சொல்லி முடிக்கும்வரை கத்தரிக்கோலைக் கீழே வைக்கவில்லை.

"கூப்புட்டாரா?"

"கூப்புட்டாரு அண்ணி."

"என்னான்னு?"

"'வேலு, இருடா, கால் மாட்டிக்கிச்சு'ன்னு."

"கத்தினாரா?"

அவன் யோசித்தான். அதை இத்தனை நாள் அவன் யோசித்ததில்லை. "இல்ல. சாதாரணமாத்தான் சொன்னாரு."

"அப்ப நீ வருவேன்னு நெனச்சிருக்காரு."

அவள் துணியை மடித்து ஓரமாக வைத்தாள்.

"குடிச்சிட்டு உள்ள தூங்கிட்டாருன்னு ஊரே பேசிச்சு தம்பி. எம் பொண்ணு பள்ளிக்கூடத்துல கேட்டுட்டு வந்து அழுதா. மூணு வருசமாச்சு. சில நாளு எனக்கே தோணும், குடிச்சுத்தான் இருந்தாரோன்னு. அந்த மனுசன் மோந்துகூடப் பாத்ததில்ல." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எழுதிக் குடு."

மகளின் நோட்டிலிருந்து தாள் கிழித்துக் கொடுத்தாள். அவன் எழுதினான். அவள் விரலை வைத்து வரிவரியாகப் படித்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"கூப்பிட்டது போல் இருந்ததுன்னு எழுதியிருக்க. 'போல' வேணாம்."

அவன் அதை அடித்துவிட்டுத் திருத்தினான்.

அந்தக் கடிதத்தைத் தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்தில் அவனே கொண்டுபோய்க் கொடுத்தான். கம்பெனியில் முதலில் அவனைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள், பிறகு முதல் விசாரணையில் பொய் வாக்குமூலம் கொடுத்ததாகச் சொல்லி வேலையிலிருந்து நிறுத்தினார்கள். நெல்லிக்குப்பத்தில் ஒரு குளிர்பானக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தான். மொட்டைமாடி வகுப்புக்குப் போவதை நிறுத்தவில்லை. தில்லைநாதனும் வராமல் இருக்கவில்லை. திரும்பும் ஒவ்வொரு முறையும் ராஜவேல் கண்ணைத் திறந்தே வைத்திருந்தான். அதற்கு மேல் அவனால் ஆகக்கூடியது எதுவும் இருக்கவில்லை.

2012 மார்ச்சில் திருத்திய அறிக்கை வந்தது. படித்தட்டு உடைந்திருந்ததால் கால் சிக்கி, வெளியேற முடியாமல் இறந்தார் என்று இரண்டு வரி. ராஜவேல் அதை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு மேல்பட்டாம்பாக்கம் போனான். ராசம்மாள் வாசலிலேயே நின்று இரண்டு முறை படித்தாள். பிறகு உள்ளே பார்த்து மகளைக் கூப்பிட்டு, "சத்தமா படி," என்று கொடுத்தாள்.

அந்தப் பெண் படித்து முடித்ததும் ராசம்மாள் அவன் பக்கம் திரும்பினாள். குரலில் கடுமை இல்லை.

"இனிமே வராத தம்பி. உன்னப் பாத்தா அந்தப் படிக்கட்டுதான் ஞாபகம் வருது."

"சரி அண்ணி," என்றான் ராஜவேல். உள்ளே அந்தப் பெண் அதே இரண்டு வரியை மறுபடி முதலிலிருந்து படிக்கத் தொடங்கியிருந்தாள்.