அழித்துவிட்ட தண்ணீர்

எங்கள் வேலையில் முதல் காரியமே துடைப்பதுதான். நோயை வளர்க்கும் புரதத்தின் படத்தைக் கணினியில் திறந்ததும், அதில் ஒட்டியிருக்கும் தண்ணீர் மூலக்கூறுகளையெல்லாம் ஒரே சொடுக்கில் அழித்துவிடுவோம். அப்புறம்தான் அதன் குழிக்குள் மருந்தை உட்காரவைத்துப் பார்ப்போம். நானும் அப்படித்தான் அழித்தேன். மருந்து கச்சிதமாக உட்கார்ந்தது. இயக்குநர் அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் மாட்டினார்; நான் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

அந்த மருந்தைக் கையால் செய்ய வேண்டியவன் கீழ்த்தள ஆய்வகத்தில் இருக்கும் என் தம்பி. மூன்று தடவை செய்துவிட்டான். மூன்று தடவையும் சோதனையில் அது புரதத்தில் ஒட்டவே இல்லை. "படம் சரியாத்தான் இருக்கு. உங்க கைதான் சரியில்ல" என்றார் இயக்குநர். நாலாவதும் ஒட்டாவிட்டால் அவனுக்கு வேலை இல்லை.

போன வெள்ளிக்கிழமை, மனசு கேட்காமல், அழித்த தண்ணீரைத் திரும்ப வைத்துப் பார்த்தேன். குழியின் அடியில் ஒரே ஒரு தண்ணீர் மூலக்கூறு அசையாமல் உட்கார்ந்திருந்தது. அது இருக்கும்வரை மருந்துக்கு உள்ளே இடமே இல்லை. சொன்னால் என் பெயர் நாறிப்போகும். சொல்லாவிட்டால் அவன் வேலை போகும். ஆறு நாள் இருதலைக்கொள்ளி எறும்பாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. நேற்றுகூடக் கீழே போய், அவன் குடுவையைக் கலக்குவதை நின்று பார்த்துவிட்டு, "சாப்பிட்டியாடா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வந்தேன்.

இன்று மதியம் நாலாவது குப்பியோடு என் அறைக்கு வந்தான். கையுறை போட்டுப் போட்டு விரலெல்லாம் தோலுரிந்திருந்தது.

"இந்தத் தடவை ஒட்டும்க்கா. சொதப்புனது நான்தான். நீ போட்ட கணக்கு என்னைக்குத் தப்பா இருந்திருக்கு?"

அதற்குமேல் தாங்கவில்லை. திரையை அவன் பக்கம் திருப்பி அந்தத் தண்ணீரைக் காட்டினேன். "ஒட்டாதுடா. தப்பு என்னோடது. நானே போய் இயக்குநர்கிட்ட சொல்லிடறேன்."

கத்துவான் என்று நினைத்தேன். அவனோ பெரிய சுமையை இறக்கிவைத்தவன்போல மூச்சுவிட்டான்.

"அப்ப என் கை நல்லாத்தான் இருக்கு" என்றான். பிறகு, "எப்பக்கா கண்டுபிடிச்ச?"

"இப்பதான். காலையில."

சொல்லி முடித்த பிறகுதான் கவனித்தேன். கோப்பின் பெயருக்குப் பக்கத்தில், அதைச் சேமித்த கிழமையைக் கணினி போட்டிருந்தது. வெள்ளி. மவுஸைத் தேடினேன். அதற்குள் அவன் படித்துவிட்டான்.

குப்பியை என் மேசையில் வைத்தான்.

"அப்ப நேத்து, சாப்பிட்டியான்னு கேக்க மட்டும்தான் கீழ வந்தியாக்கா?" என்றான்.