நல்லா இருக்கு

நசுக்கிய பூண்டும் ஊசிமிளகாயும் மிதந்த கிண்ணத்தில் சிறுவிரலை விட்டு, நாக்கில் வைத்துப் பார்த்தாள் சைபின். வெந்நீரைத் தொட்டு வைத்தது போல ஈரம் மட்டும் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து மிளகாய் சுரீரென்று எரிந்தது. அந்த எரிச்சல் ஒன்றுதான் அவளிடம் மிச்சம். போன மாதம் வந்த காய்ச்சல் போகும்போது வாசனையையும் ருசியையும் கையோடு கொண்டுபோய்விட்டது. எலுமிச்சை புளிக்கவில்லை, மீன் சாஸ் உப்புக் கரிக்கவில்லை, பனைவெல்லம் மெழுகுத் துண்டு போல வாயில் கரைந்தது. மருத்துவர் டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்துவிட்டு, "வரும்மா. சில பேருக்கு மாசக்கணக்கா ஆகும், சில பேருக்கு..." என்று பாதியில் நிறுத்திக்கொண்டார். மீதியை அவளும் கேட்கவில்லை.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. ஏரி நடுவே அவர்கள் குடியிருந்த சின்னத் தீவில் கோயில் விருந்து என்றால் அடுப்படிக்கு முதலில் கூப்பிடுவது சைபினைத்தான். அவள் கலந்து வைத்த சாற்றில் வேறு யாரும் ஒரு துளி உப்புச் சேர்க்கத் துணிய மாட்டார்கள். நாக்கு போய்விட்டது என்று தெரிந்தால் ஒருவரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். மரியாதையாக ஒரு நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள். அந்த நாற்காலியில் உட்கார அவளுக்கு மனமில்லை. அதனால் கைப்பழக்கத்தை நம்பிச் சமைத்தாள். கை தப்பவில்லை என்றுதான் தோன்றியது. ஏனென்றால் அவள் புருஷன் ஜரூன், கல்யாணமான நாளிலிருந்து ஒரு வேளைச் சோற்றையும் குறை சொல்லாமல் சாப்பிட்டவன் இல்லை. உப்பு குறையுது என்பான், புளிப்பு தூக்கல் என்பான், இன்னும் ஒரு கொதி விட்டிருக்கலாம் என்பான். அப்படிப்பட்டவன் இப்போதெல்லாம் தினமும் "நல்லா இருக்கு" என்று சொல்லிக்கொண்டு சாப்பிட்டான். சாப்பிட்ட கையோடு வலையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று படகுத்துறைப் பக்கம் போய்விடுவான். வயசானால் மனுஷன் கனிந்துவிடுகிறான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இன்றைக்கு மகன் நோப் ஒரு பெண்ணைக் கூட்டி வருகிறான். பெயர் முக். ஹட்யாய் நகரத்தில் அவன் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில்தான் அவளும் இருக்கிறாள். ஊர் வடக்கே, மலைப்பக்கம். "அம்மா, உங்க எலுமிச்சைக் கொடுவா மீனைப் பத்தி அவகிட்ட ஒரு வருஷமா பீத்திக்கிட்டு இருக்கேன். கவுத்துடாதீங்க" என்று சொல்லியிருந்தான். வீட்டுக்குப் பின்னால் ஏரியில் ஜரூன் மீன் வளர்க்கும் வலைக்கூண்டிலிருந்து பிடித்த கொடுவா, வயிற்றில் எலுமிச்சைப்புல்லைத் திணித்துக்கொண்டு ஆவியில் வெந்துகொண்டிருந்தது. எலுமிச்சையை அடுப்பில் ஏற்றினால் கசந்துவிடும். சாற்றைத் தனியே கலந்து, மீன் இறங்கியதும் மேலே ஊற்ற வேண்டும். கிண்ணத்தில் பிழிந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. தீவுப் பாலத்துக்கு வந்துவிட்டோம் என்றான் நோப். பேசிவிட்டுத் திரும்பினால், பலகையில் எலுமிச்சை மூடிகள் கவிழ்ந்தும் நிமிர்ந்தும் கிடந்தன. பிழிந்து முடித்தாளா, இல்லையா? முன்பென்றால் ஒரு நக்கில் தெரிந்துவிடும். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. அவசரமாகப் புதிதாகச் சில பழங்களை நறுக்கிப் பிழிந்தாள். அதற்கு ஈடுகொடுக்க மீன் சாஸையும் சாய்த்தாள்.

முக் குட்டையான பெண். சிரித்தால் கண் காணாமல் போய்விடும். வந்ததும் கும்பிட்டாள், கொண்டுவந்த லிச்சிப் பழக்கூடையை வைத்தாள், கேட்காமலே தட்டுகளை எடுத்துப் பாயில் பரப்பினாள். மீன் வந்தது. வட்ட வட்டமாக எலுமிச்சையும் கொத்தமல்லித் தழையும் போர்த்திய கொடுவா, பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஜரூன் முதல் வாயை விழுங்கினான். கழுத்து நரம்பு ஒன்று புடைத்து அடங்கியது.

"நல்லா இருக்கு" என்றான்.

"அருமை" என்றான் நோப். அவன் கண்ணில் தண்ணீர் முட்டியது.

முக் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தாள். முகம் முழுவதும் ஒரு புள்ளிக்குச் சுருங்கியது. தோள் இரண்டும் காதுவரை ஏறின. நோப் முழங்காலால் அவளை இடித்ததை சைபின் பார்த்துவிட்டாள்.

"எதுக்குடா இடிக்கிற?" என்றாள் முக், வாயைப் பொத்திக்கொண்டு.

"ஏம்மா, புளிக்குதா?" என்று கேட்டாள் சைபின்.

முக் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். "அத்தை, தெக்கத்தி ஆளுங்க புளிப்பு ஜாஸ்தி சாப்பிடுவாங்கன்னு சொன்னாங்க. ஆனா பல்லு கழண்டுடும்னு யாரும் சொல்லலை. உப்பும் அப்படியே கடலு."

"நல்லாத்தான் இருக்கு!" என்று ஜரூன் கத்தினான். தேவைக்கு மேலே கொஞ்சம் சத்தமாக.

அந்தச் சத்தத்தில்தான் சைபினுக்கு எல்லாம் விளங்கியது. தினமும் வந்த பாராட்டு, மகனின் கண்ணீர், படகுத்துறைப் பக்கம் போய் வந்த நடை. கரண்டியைக் கீழே வைத்தாள்.

"யோவ். எத்தனை நாளா தெரியும் உனக்கு?"

ஜரூன் பாயில் இல்லாத தூசியைத் தட்டினான். "நீ கறியில உப்புக்குப் பதிலா சக்கரையை அள்ளிப் போட்டியே, அன்னைக்குலேருந்து."

"அதைத்தான் ரெண்டு தட்டு சாப்பிட்டியா?"

"ஒண்ணரை."

"அப்புறம் துறைக்குப் போனது?"

"நூடுல்ஸ் கடைக்கு" என்றான் நோப். "அப்பாதாம்மா போன் பண்ணி, எதைப் போட்டாலும் வாயை மூடிக்கிட்டு சாப்பிடுன்னாரு. இவகிட்ட வர்ற வழியிலேயே சொல்லணும்னு இருந்தேன். எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியலை."

சைபின் எழுந்து அடுப்படிக்குப் போய் முதுகைக் காட்டி நின்றாள். கோபம்தான் முதலில் வந்தது. ஒரு மாதமாகத் தன்னை வைத்து வீடே நாடகம் போட்டிருக்கிறது. ஆனால் நாடகத்தை ஆரம்பித்தது யார்? சர்க்கரைக் கறியை முன்னால் வைத்துக்கொண்டு, குறை சொல்வதற்கென்றே பிறந்த அந்த மனுஷன் உட்கார்ந்திருந்த கோலம் கண்ணில் வந்து நின்றது. ஒன்றரைத் தட்டு! வயிற்றுக்குள்ளிருந்து ஏதோ குலுங்கியது. அழுகை என்று நினைத்து வாயைப் பொத்தினாள். வெளியே வந்தது சிரிப்பு.

"அத்தை, மன்னிச்சுக்குங்க. எனக்கு வாய் நிக்காது" என்றாள் பின்னால் வந்து நின்ற முக். பயந்து போயிருந்தாள்.

"நிக்க வேண்டாம். நிக்காத வாய் ஒண்ணு இந்த வீட்டுக்கு வேணும்." சைபின் கண்ணைத் துடைத்துக்கொண்டு குரல் கொடுத்தாள்: "கூண்டுலேருந்து இன்னொரு மீன் கொண்டு வாங்க! மசமசன்னு உக்காந்திருக்காம!"

அடுத்த மீன் வெந்துகொண்டிருந்தபோது நான்கு பேரும் ஒரே கிண்ணத்தைச் சுற்றி நின்றார்கள். சைபின் பிழிந்தாள், மற்றவர்கள் நக்கிப் பார்த்தார்கள். இனிப்பு வேண்டும் என்றாள் முக். மிளகாய் பத்தாது என்றான் நோப். "உங்க ஊர்ல மீனை மிட்டாய்க் கடையிலயா வாங்குவீங்க?" "உனக்கு என்ன, எது போட்டாலும் அருமைதானே!" என்று இருவருக்கும் சண்டை மூண்டது. யார் நாக்கை நம்புவது? இந்தப் பெண்ணின் நாக்கு நேர்மையானது, ஆனால் வேறு ஊர் நாக்கு. மகனுடையது நகரத்துக் கடைகளில் கெட்டுப்போன நாக்கு. ஜரூன் வாயே திறக்காமல் நின்றான்.

சைபின் கரண்டியை அவனிடம் நீட்டினாள். "நீங்க சொல்லுங்க. நல்லா இருக்குன்னு மட்டும் சொன்னீங்க, கிண்ணம் உங்க தலையிலதான்."

அவன் வாயில் வைத்து, கண்ணை மூடினான். நாக்கை அண்ணத்தில் ஒட்டி ஒட்டி எடுத்தான். ஆவிப்பாத்திரத்தின் மூடி மட்டும் தடதடத்தது. தன் கைச்சமையலின் ருசி இத்தனை வருஷமாக எங்கே பத்திரமாக இருந்திருக்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. குறை சொல்ல வேண்டுமென்றால் நிறை என்ன என்று தெரிந்திருக்க வேண்டுமே.

"உப்பு ஒரு சொட்டு குறையுது" என்றான் தயங்கித் தயங்கி. "புளிப்பு சரி. பூண்டை இன்னும் கொஞ்சம் நசுக்கியிருக்கலாம். உன் சாறு முதல்ல புளிச்சுக் காதுக்குப் பின்னால இழுக்கும், அப்புறம்தான் காரம் வரும். இதுல ரெண்டும் ஒண்ணா வருது."

அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு அவள் பூண்டை நசுக்கினாள், ஒரு சொட்டு மீன் சாஸ் விட்டாள். மறுபடி கொடுத்தாள். அவன் தலையை ஆட்டவில்லை, பாராட்டவில்லை. கரண்டியை இன்னொரு தடவை கிண்ணத்துக்குள் விட்டான். அவள் அவன் கையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

இந்த முறை பாயில் யார் கரண்டியும் ஓயவில்லை. மேல்பக்கத்துச் சதை சீக்கிரம் தீர்ந்தது. முக் தன் கரண்டியை மீனின் அடியில் கொடுத்துப் புரட்டப் போனாள்.

"ஐயையோ, திருப்பாதே! படகு கவுந்துடும்!" என்று அப்பனும் மகனும் ஒரே குரலில் அலறினார்கள்.

"படகா? எந்தப் படகு?"

"தட்டுல மீனைப் புரட்டினா துறையில படகு கவுந்துடும்பாங்க இங்கே. விடு, நான் எடுக்கிறேன்" என்றாள் சைபின். வால் பக்கம் இரண்டு விரலால் பிடித்து மெல்ல நிமிர்த்தினாள். முள் ஒன்றுகூட முறியாமல், வாலிலிருந்து தலைவரை எலும்பு முழுசாக எழுந்து வந்தது. அதன் நுனியிலிருந்து சாறு சொட்டிக்கொண்டிருக்க, கீழே தொடாத பாதி வெள்ளை வெளேரென்று ஆவி பறந்துகொண்டு கிடந்தது. முக் தட்டை நீட்டினாள்.