சத்தம் விட்டு விட்டு வருது

திரையில் தெரிந்த பிரெஞ்சுக்கார அம்மாள் இரண்டாம் முறையாகவும் அதே கேள்வியைக் கேட்டாள். அதில் ஒரு வார்த்தையாவது நம் பிரெஞ்சு டீச்சருக்குப் பிடிபட்டிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது. பதினாறு வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிறவள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இலக்கணம் தப்பாது. ஆனால் நிஜமான பிரெஞ்சுக்காரர் ஒருவரோடு அன்றுவரை பேசியதில்லை. புத்தகம், போர்டு, பரீட்சை, நூற்றுக்குத் தொண்ணூறு என்று வண்டி ஓடிக்கொண்டிருந்தது. வகுப்புக்குப் பெரிய திரை மாட்டினார்கள், அந்த நாட்டுப் பள்ளிக்கூடத்தோடு நேரடியாகவே பேசலாம் என்றார்கள், வந்தது வினை.

"என்ன கேக்கறாங்க டீச்சர்?" என்றாள் முதல் பெஞ்சுப் பெண். முப்பத்திரண்டு பிள்ளைகளும் டீச்சரின் வாயையே பார்த்தார்கள். பின்னால் ஹெட்மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"சத்தம் விட்டு விட்டு வருது," என்றாள் டீச்சர்.

சத்தம் கணீரென்று வந்துகொண்டிருந்தது. எதையோ சரிசெய்கிறவள் போல அவள் மேஜைக்கடியில் குனிந்தாள். கை எப்படிப் போனது என்று அவளுக்கே தெரியாது. நெட் ஒயரைப் பிடித்து இழுத்துவிட்டாள். திரையில் அந்த அம்மாள் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுபோனாள். டீச்சருக்கு அப்பாடா என்றிருந்தது. அந்த அப்பாடாவை நினைத்துத்தான் பிறகு உடம்பெல்லாம் கூசியது.

ஏனென்றால் ஹெட்மாஸ்டர் நேராகக் கம்ப்யூட்டர் லேப்காரரைக் கூப்பிட்டனுப்பினார். ஐம்பதை நெருங்கும் மனுஷர். சேர்ந்து நாலு மாதம்தான், வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வழுக்கைத் தலையில் வேர்வையோடு ஓடி வந்தார். மேஜைக்கடியில் குனிந்து, கழன்று கிடந்த ஒயரை எடுத்துக் காட்டினார்.

"ஒரு ஒயர ஒழுங்கா மாட்டத் தெரியல, உங்களுக்கெல்லாம் எதுக்குங்க வேலை? இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா நான் வேற ஆள பாத்துக்கறேன்."

பிள்ளைகளை வைத்துக்கொண்டே சொன்னார் ஹெட்மாஸ்டர். லேப்காரர் தலையைக் குனிந்து, "சாரி சார்," என்றார். டீச்சர் டஸ்டரை எடுத்து, ஒன்றும் எழுதாத போர்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் அவர் ஸ்டாஃப் ரூமுக்கு வந்தார். இப்போதே சொல்லித் தொலைத்துவிட வேண்டும் என்று அவள் வாயெடுத்தாள். அவர் முந்திக்கொண்டார்.

"மன்னிச்சுக்கங்க டீச்சர், என்னால உங்க கிளாஸ் கெட்டுப்போச்சு. அந்தம்மாவுக்கு மெயில் போட்டுக் கெஞ்சினேன். நாளைக்கே வரேன்னுட்டாங்க."

"ஐயோ, அதெல்லாம் எதுக்குங்க..."

"இல்ல டீச்சர், நாளைக்கு நான் கூடவே இருக்கேன். என்ன ஆகுதுன்னு பாத்துடலாம்."

"ரொம்ப தேங்க்ஸ்," என்றுதான் அவள் வாயில் வந்தது. சே, நானெல்லாம் ஒரு மனுஷியா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். வீட்டில் கணவன், "ஏன், முகமே சரியில்லையே?" என்று கேட்டதற்கு, "தலைவலி," என்றாள். ஒரே நாளில் இரண்டு பொய்.

மறுநாள் ஹெட்மாஸ்டர் அதே இடத்தில் நின்றார். லேப்காரர் மேஜைக்கடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒயர் மாட்டிய இடத்தை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தார். பிரெஞ்சுக்கார அம்மாள் வந்தாள், சிரித்தாள், நேற்றைய கேள்வியையே நிதானமாகக் கேட்டாள். டீச்சருக்கு இன்றும் புரியவில்லை. வகுப்பு மொத்தமும் அவள் பக்கம் திரும்பியது.

லேப்காரர் கீழேயிருந்து நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

"நீங்க தைரியமா பேசுங்க டீச்சர். நான் புடிச்சிட்டிருக்கேன்."

அழுத்திப் பிடித்ததில் அவர் விரல் நுனியெல்லாம் வெளுத்துப் போயிருந்தது.