பேர் கூப்பிடாமல் தூக்கக் கூடாது

அப்பாவின் பாடையின் முன்கழியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள் ஜெயசுதா. தூக்க வந்தவர்கள் குனிந்த இடுப்போடு அவளையும் அவளுடைய பெரியப்பா அரங்கநாதனையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"கையை எடும்மா. பொழுது சாயறதுக்குள்ள காட்டுக்குப் போய்ச் சேரணும்."

"பாஷா மாமா வந்துகினு இருக்காரு பெரிப்பா. தியாகதுருகம் தாண்டிட்டாராம்."

"காலையிலேருந்து இதத்தான் சொல்லிக்கினு இருக்கற. அவரு இன்னா கப்பல்லயா வர்றாரு?"

மேளக்காரர்களில் ஒருவர் சிரிப்பை மறைக்கக் குனிந்து தப்பட்டையைத் துடைத்தார். ஜெயசுதாவுக்குக் கோபம் வந்தது. அழுவதைவிட அது வசதியாக இருந்தது.

அப்பா வீரமுத்து முப்பது வருடம் மத்தியப் பிரதேசத்தில் நிலக்கரி வெட்டியவர். அவருடைய ஷிப்ட்டில் பாதிக்கு மேல் இந்தப் பக்கத்து ஆட்கள். கவுஸ் பாஷாதான் மேஸ்திரி. வேலை முடிந்து எல்லோரும் தலை இடிக்காமல் குனிந்து மேலே ஏறி வந்ததும் சுரங்க வாயில் நின்று பாஷா ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். "ஏறிட்டேன்" என்று பதில் வரவேண்டும். ஒரு பதில் பாக்கி என்றாலும் யாரும் வீட்டுக்குக் கிளம்ப மாட்டார்கள். அம்மா அமிர்தம் கைக்குழந்தை ஜெயசுதாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலியோரம் நின்றிருப்பாள். புருஷன் குரலில் அந்த ஒரு சொல் காதில் விழுந்த பிறகுதான் உலை வைக்கப் போவாள்.

சுரங்கத்தை மூடுவதற்கு முந்தைய வாரம் அப்பா உள்ளேயே மயங்கி விழுந்தார். நினைவில்லாதவரை நேராக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். அன்றைக்கு அவர் பேருக்கு மட்டும் பதில் வரவில்லை. அவர் தேறி வருவதற்குள் சுரங்க வாயைக் கான்கிரீட் போட்டு அடைத்துவிட்டார்கள். காலனி கலைந்தது. பாஷா கள்ளக்குறிச்சியில் செருப்புக் கடை வைத்தார். மற்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். அப்பா மட்டும் ஊருக்கு வந்தும் வந்து சேராதவராகவே இருந்தார்.

"எல்லாரும் ஏறிட்டானுங்க. நான்தான் இன்னும் உள்ளயே கெடக்கறேன்" என்பார். கேலிக்குச் சொல்கிறார் என்றுதான் அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். நேற்று மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோது அவள் கையைப் பிடித்து, "பாஷா வந்து பேர் கூப்டாம என்னைத் தூக்க வுடாத" என்றார்.

தெருமுனையில் ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. பின்னாலிருந்து கிழவர்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்து இறங்கினார்கள். இறங்கியதும் எல்லோருக்கும் இருமல். அப்பாவின் அதே இருமல்.

"இவனுங்கள ஒவ்வொரு வூடா பொறுக்கிக்கினு வர லேட்டாயிடுச்சு சுதா" என்றார் பாஷா. நேரே வந்து பாடையின் கால்மாட்டில் நின்று தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

அவர் வாயைத் திறப்பதற்குள் அரங்கநாதன் குறுக்கே வந்தார். "மாலை போடுங்க, தோள் குடுங்க, வாணாங்கல. ஆனா பாடையில ஏத்தினவன பேர் சொல்லிக் கூப்பிடறது எங்க வழக்கத்துல கூடாதுங்க பாய். கூப்டா திரும்பி வந்துடுவான்."

பாஷா ஜெயசுதாவைப் பார்த்தார்.

"வரட்டும் பெரிப்பா" என்றாள் அவள். "அதுக்குத்தான கூப்பிடறோம்."

அரங்கநாதன் தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஒதுங்கினார்.

"ராசு."

"ஏறிட்டேன்."

"செழியன்."

"ஏறிட்டேன்."

பேர் கூப்பிடக் கூப்பிடக் கிழவர்களின் முதுகு நிமிர்ந்தது. தப்பட்டை நின்றுவிட்டது. தெருவே வேடிக்கை பார்த்தது.

"வீரமுத்து."

ஜெயசுதா கழியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். பாஷா காத்திருந்தார். முப்பது வருடமும் அப்படித்தான் காத்திருந்திருப்பார்.

"ஏறிட்டாரு."

காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாமல் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அமிர்தம்தான் சொன்னாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

"ஏறிட்டான்" என்றார்கள் கிழவர்கள் ஒரே குரலில். யாரோ விசிலடித்தார்கள். தப்பட்டை திருவிழாவுக்கு அடிப்பதுபோல் எழும்பியது. ஜெயசுதாவுக்குச் சந்தோஷமாக இருந்தது. சாவு வீட்டில் வரக் கூடாத சந்தோஷம்தான், ஆனால் அதை மறைக்க அவளுக்குத் தோன்றவில்லை. அழுதுகொண்டே கழியிலிருந்து கையை எடுத்தாள்.

முன்பக்கம் பாஷாவும் அரங்கநாதனும் தோள் கொடுத்தார்கள். வாசலில் போட்டிருந்த பந்தல் நல்ல உயரம். கை தூக்கினாலும் கீற்று எட்டாது. ஆனாலும் பந்தல் விளிம்பு வந்ததும் சுரங்கத்துக்காரர்கள் அத்தனை பேரும் சொல்லி வைத்தாற்போல் தலை குனிந்தார்கள். எதற்கென்று தெரியாமல் அரங்கநாதனும் குனிந்தார்.

வெளியே வந்ததும் எல்லோரும் ஒன்றாக நிமிர்ந்தார்கள். கல்வராயன் மலைப்பக்கம் இன்னும் வெயில் இருந்தது. அது அப்பாவின் முகத்தில் நேராக விழுந்தது.