இறங்குதுறையில் பேசிய சடலம்

இனி வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழின் மீதும் ஆணை. ஏழில் ஒன்று அவ்வளவு சூடில்லை என்று சொல்கிறவர்களும் இருப்பதால், எதற்கும் ஆறின் மீது மட்டும் ஆணை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடதாசி இல்லாமல் கொழும்புப் பேப்பர் நின்றுபோன 2022ஆம் ஆண்டில் நடந்தது இது. பெற்றோல் இல்லை, காஸ் இல்லை, பால்மா இல்லை. அதையெல்லாம் திருகோணமலைச் சனம் எப்படியோ சமாளித்தது. துறைமுகத்தடி அபூதாஹிரின் தேத்தண்ணிக் கடைக்குப் பேப்பர் வராததைத்தான் சமாளிக்க ஏலாமல் போயிற்று. அந்தக் கடைக்கு ஆட்கள் தேத்தண்ணிக்காக வருவதில்லை. அபூதாஹிரின் தேத்தண்ணியைக் குடித்தவர்களுக்கு இது விளங்கும். காலை ஏழு மணிக்குக் குலசிங்கத்தார் பேப்பரைச் சத்தமாக வாசிப்பார். அதைக் கேட்கத்தான் வருவார்கள். கையில் போன் வைத்திருக்கிறவனும் அதை மடித்து வைத்துவிட்டு அவர் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். அவர் வாசித்தால்தான் அது செய்தி.

குலசிங்கத்தார் சமாதான நீதவான். ‘இவரை எனக்கு நீண்ட காலமாகத் தெரியும், நல்லவர்’ என்று அவர் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தால், அந்த ஆள் அன்றிலிருந்து பயத்திலேயே நல்லவனாக நடக்கத் தொடங்கிவிடுவான். ஒருநாள் அவர் வீட்டுச் சேவல் விடிய முன்னர் மூன்று மணிக்கே கூவிவிட்டது என்பதற்காக, வீதியில் இரண்டு பக்கமும் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டவர் அவர். பொய் என்ற ஒன்று அவர் வாயில் வந்ததே இல்லை என்று ஊர் நம்பியது.

பேப்பர் நின்று மூன்றாம் நாள் கடை வெறிச்சோடியது. நான்காம் நாள் அபூதாஹிர் தன் வாப்பாவின் அலுமாரியைத் திறந்தார். உள்ளே 1974ஆம் ஆண்டுப் பேப்பர்க் கட்டு ஒன்று, கறையான்கூடத் தொடாமல் கிடந்தது. அன்று திங்கட்கிழமை. திங்கட்கிழமைப் பேப்பர் ஒன்றைத் தேடி எடுத்து, மேசையில் விரித்து வைத்து, அலுமாரியைப் பூட்டித் திறப்பை இடுப்பில் சொருகிக்கொண்டார். பழைய செய்திதானே என்று யாரும் முகஞ்சுளிக்கவில்லை. வாசிக்க ஆள் இருந்தது, கேட்க ஆள் இருந்தது, அது போதும்.

குலசிங்கத்தாரும் கண்ணாடியைத் துடைத்து, தொண்டையைச் செருமி, முதலாம் பக்கத்தை முடித்து மூன்றாம் பக்கத்துக்கு வந்தார். மூன்றாம் பக்கம் களவு, அடிபிடி, கோடு வழக்குகளுக்கானது.

“இறங்குதுறையில் சடலம் பேசியது” என்று தலைப்பை வாசித்தவர், ஒரு மிடறு தேத்தண்ணி குடித்தார். அதை அவர் ஒருநாளும் விரும்பிக் குடித்ததில்லை.

செய்தி இதுதான். அது அரிசித் தட்டுப்பாட்டுக் காலம். மடியில் கட்டக்கூடியதற்கு மேல் ஒருவரும் அரிசி கொண்டுபோகக் கூடாது என்று அரசாங்கம் வழிக்கு வழி மறித்துச் சோதித்தது. அப்படியிருக்க, ஈச்சிலம்பற்றிலிருந்து வண்டிலில் மூதூருக்கும், மூதூரிலிருந்து லோஞ்சில் திருகோணமலை இறங்குதுறைக்கும் ஒரு சவப்பெட்டி வந்து சேர்ந்தது. பொலிஸ்காரர் தொப்பியைக் கழற்றி மரியாதை செய்துவிட்டு, செத்தவரின் பெயரைக் கேட்டார். தூக்கி வந்த நாலு பேரும் நாலு பெயர் சொன்னார்கள். அப்போது சடலம் மூடியைத் தள்ளி எழுந்திருந்து, ஒரு பெயரைத் தீர்மானித்துச் சொல்லும்படி அவர்களைக் கண்டித்தது. சடலத்துக்குக் கீழே இரண்டு அந்தர், அதாவது நூறு கிலோ அரிசி இருந்தது. சடலம் கடலில் குதித்து நீந்தித் தலைமறைவாகியது.

கடை சிரித்துக் குலுங்கியது. குலசிங்கத்தாருக்கு மட்டும் வியர்த்தது. அந்தச் சடலம் அவர்தான்.

அப்போது அவருக்கு இருபது வயது. அக்காவின் கலியாணத்துக்குச் சோறு போட வேண்டும் என்பதற்காகச் செத்தவர். தூக்கிய நாலு பேரும் பிறகு ஒவ்வொருவராக உண்மையாகவே பெட்டிக்குள் போய்விட்டார்கள். ஞாயிறன்று பேசிய சடலம் புதனன்று கோட்டில் நீதவான் முன் சரணடைந்து, தண்டம் கட்டி வெளியே வந்ததும், வியாழக்கிழமைப் பேப்பரில் அதன் பெயர், தகப்பன் பெயர், ஊர் எல்லாம் அச்சானதும் அவருக்குத் தெரியும். அந்த வியாழன் விடிய, பட்டினத்துக்கு வந்த பேப்பர் அத்தனையையும் வாங்கி அடுப்பில் போட்டவர் அவர். ஒன்று தப்பி, அபூதாஹிரின் வாப்பாவின் அலுமாரிக்குள் ஐம்பது வருடமாகத் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தது இன்றுவரை அவருக்குத் தெரியாது. இந்த வியாழன் அதைத் தன் வாயாலேயே வாசிக்க வேண்டும். வாசித்தால் முத்திரையும் போகும், மானமும் போகும்.

ஆட்கள் கலைந்த பிறகு, மிச்சப் பேப்பர்களையும் ஒருக்கால் பார்க்கலாமா என்று அபூதாஹிரிடம் மெல்லக் கேட்டார்.

“ஏலாது ஐயா. நாளைய பேப்பர் நாளைக்குத்தானே வரும்.”

“அது ஐம்பது வருசப் பழசு, தம்பி.”

“பழசெண்டாலும் ஒழுங்கு ஒழுங்குதான். இண்டைக்கே நாளையான் செய்தியை வாசிச்சா நாளைக்கு ஆர் இஞ்ச வாற?”

செவ்வாய்க்கிழமை கடையில் இருக்க இடமில்லை. தலைமறைவான சடலத்தைப் பொலிஸார் வலைவீசித் தேடுவதாகப் பேப்பர் சொன்னது. புதன்கிழமைப் பேப்பர், சடலம் கிண்ணியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ஆட்டிறைச்சியும் சோறும் சாப்பிட்டு, இரண்டாம் முறை குழம்பும் கேட்டு வாங்கியதாகக் கண்டவர்களை ஆதாரம் காட்டிச் சொன்னது. ஆட்கள் வாசலில் நின்று கேட்டார்கள். பெற்றோல் இல்லாமல் ஓட்டோவைக் கடைக்கு முன்னால் நிறுத்திவிட்டு அதற்குள்ளேயே குடியிருந்த வேலன், இப்படி ஒரு பிணம் இன்றைக்கு இருந்தால் நாட்டுக்கே அரிசி கிடைத்திருக்கும் என்றான். அதை எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். புதன் பின்னேரத்துக்குள், அந்தப் பிணம் செத்துப்போன தன் பெரியப்பாவாகத்தான் இருக்க வேண்டும் என்றும் சொல்லத் தொடங்கிவிட்டான்.

வியாழன் ஆறு மணிக்கே குலசிங்கத்தார் வந்தார். தனியே வரவில்லை. பட்டினத்தில் திரியும் மான்களில் ஒன்றை, வாழைப்பழத் தோலைக் காட்டிக் காட்டிக் கடை வரைக்கும் கூட்டி வந்திருந்தார். அந்த மான்கள் கடதாசி தின்னும் என்பது எல்லோருக்கும் தெரியும். அபூதாஹிர் பேப்பரை மேசையில் விரித்துவிட்டுக் குசினிக்குள் போன நேரம், மானை மெல்ல உள்ளே விட்டார். மான் சினிமாப் பக்கத்தை முழுதாகத் தின்றது. மணமகள் தேவைப் பகுதியை இன்னும் ஆறுதலாகச் சுவைத்துத் தின்றது. மூன்றாம் பக்கத்துக்கு வந்ததும் ஒருமுறை மூக்கால் மணந்து பார்த்து, குலசிங்கத்தாரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டது.

சரி, மான் கைவிட்டது. இனி இருப்பது ஒரே வழி. வாழ்க்கையில் முதல் முறையாக, எழுதியிருப்பதை விட்டுவிட்டு வேறு ஒரு பெயரை வாசிப்பது. வேலுப்பிள்ளை நல்லான் என்று ஒரு பெயரைத் தெரிவு செய்து, நாலு தரம் சொல்லிப் பழகிக்கொண்டு முகம் கழுவப் போனார்.

திரும்பி வந்தபோது அவருடைய கதிரையில் இல்ஹாம் நானா இருந்தார். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி இளைப்பாறிய மனிதர். சுற்றிவர நாற்பது பேர் நின்றார்கள். ஐம்பது வருடம் மறைத்து வைத்ததை இனியும் மறைக்க மனம் வரவில்லை, அந்தச் சடலம் நான்தான் என்று இல்ஹாம் நானா சொல்லிக்கொண்டிருந்தார். இஸ்லாமான ஆள் எப்படி அந்தப் பெட்டிக்குள் படுத்தீர் என்று வேலன் கேட்டதற்கு, அதுதானே மாறுவேசம் என்றார். கடை அதை ஏற்றுக்கொண்டது.

அதையும் குலசிங்கத்தார் பொறுத்திருப்பார். ஆனால் இல்ஹாம் நானா அங்கே நிற்கவில்லை. பொலிஸைக் கண்டு நடுங்கித்தான் எழும்பிக் கத்தினேன் என்று ஒரு சொல் விட்டார்.

குலசிங்கத்தாருக்குக் காதுமடல் சிவந்தது. சடலம் நடுங்கவில்லை. சடலம் கத்தவுமில்லை. ஒழுங்கில்லாத நாலு பேருக்கு ஒழுங்கைச் சொல்லிக் கொடுத்தது, அவ்வளவுதான். வேலுப்பிள்ளை நல்லான் அந்த இடத்திலேயே செத்துப்போனார். குலசிங்கத்தார் பேப்பரைக் கையில் எடுத்து, நின்றபடியே வாசித்தார்.

“சடலம் சரண். அரிசி கடத்திய குற்றத்தை ஒப்புக்கொண்டவர், ஈச்சிலம்பற்றைச் சேர்ந்த கணபதிப்பிள்ளை குலசிங்கம், வயது இருபது.”

பேப்பரை மடித்து மேசையில் வைத்தார். “அது நான்தான்” என்றார்.

வேலன் பேப்பரை எடுத்து விரலை வைத்து வாசித்தான். எழுத்துக்கு எழுத்து அப்படியே இருந்தது. பிறகு கண்கலங்கி நிமிர்ந்தான்.

“பாருங்கோ, எப்படிப்பட்ட மனுசன். இன்னொருத்தன்ர பேர் தன்ர பேர் மாதிரிக் கிடந்தும் மறைக்காமல் வாசிக்கிறார். நாங்களெண்டால் பக்கத்தைக் கிழிச்சிருப்பம்.”

நான்தான் அது, நான்தான் என்று குலசிங்கத்தார் மூன்று முறை சொன்னார். சொல்லச் சொல்லச் சனத்துக்கு அவர் மேலிருந்த மதிப்பு ஏறிக்கொண்டே போனது. இல்ஹாம் நானாவைக் கோட்டுக் கேசிலிருந்து காப்பாற்றத்தான் ஐயா பழியைத் தன் தலையில் போடுகிறார் என்று வாசலில் ஒருவர் மற்றவருக்கு விளங்கப்படுத்தினார். அப்படியென்றால் பேப்பரில் ஏன் இந்தப் பெயர் என்று யாரோ கேட்க, இல்ஹாம் நானா கதிரையை விட்டு எழும்பாமலே பதில் சொன்னார்.

“கோட்டில நான் கள்ளப் பேர்தான் குடுத்தனான். கள்ளப் பேரெண்டா நல்ல மனுசன்ட பேரைத்தானே குடுக்கோணும்?”

கடைக்கு இடியப்பம் அவித்துக் கொண்டுவரும் ஆமினா உம்மா குசினி வாசலில் பெட்டியோடு நின்றார். அந்த நாளில் அதே லோஞ்சில் வந்தவர் என்பதால், கண்டவராகச் சாட்சி சொல்லும்படி எல்லோரும் அவரைக் கேட்டார்கள். ஆமினா உம்மா குலசிங்கத்தாரை உச்சியிலிருந்து பாதம் வரை பார்த்தார்.

“பெட்டிக்குள்ள இருந்து எழும்பின மையத்தை என்ட இந்தக் கண்ணால கண்டனான். நல்ல வடிவான புள்ள. இவரில்ல” என்றார். இல்ஹாம் நானாவையும் ஒருமுறை பார்த்தார். “இவரெண்டும் சொல்ல ஏலாது. ஆனா மூக்கு ஒத்துவருது.”

மூக்கோடு வழக்கு முடிந்தது.

அன்று பின்னேரம் குலசிங்கத்தாரின் வீட்டு வாசலில் நற்சான்றிதழுக்குப் பதினேழு பேர் வரிசையில் நின்றார்கள். பதினேழாவது ஆள் இல்ஹாம் நானா. 1974இல் இறங்குதுறையில் பேசிய சடலம் இவர்தான் என்று ஒரு கடிதம் வேண்டுமாம், கண்ணாடி போட்டுச் சுவரில் தொங்கவிட. குலசிங்கத்தார் எழுதத் தொடங்கிய இரண்டு கடிதங்களைக் கிழித்துப் போட்டார். கடைசியில், ‘மேற்படி சடலத்தை எனக்குச் சிறு வயதிலிருந்தே நன்றாகத் தெரியும். ஒழுக்கமானது, எவருக்கும் அஞ்சாதது’ என்று மட்டும் எழுதினார். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. முத்திரையை அழுத்திக் குத்தினார். இல்ஹாம் நானா கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிக்கொண்டு போனார்.