விட்டத்தின் வயிறு

எலியாக இருந்தாலும் போதும். எலியோ, கழன்று தொங்கும் கம்பியோ, ஏதாவது ஒன்று இருந்துவிடட்டும். வெறும் இருட்டும் தூசியும்தான் என்றால், இத்தனை நாள் அவர் சொன்னதே சரி என்றாகிவிடும்.

புதுப் படுக்கை விரிப்பை மார்போடு அணைத்தபடி அவள் படுக்கையறை வாசலில் நின்றிருந்தாள். உள்ளே தச்சர் ஏணியில் நின்று சீலிங் பலகைகளை ஒவ்வொன்றாக நெம்பி, கீழே நின்ற அவள் கணவரிடம் கொடுத்துக்கொண்டிருந்தார். பலகை போன இடங்களில் ஓடுகளும், அவற்றைத் தாங்கும் கறுத்த விட்டங்களும் தெரிந்தன.

கல்யாணமான புதிதில் அவர் தன் கையாலேயே போட்ட சீலிங். வருகிறவர்களை எல்லாம் அறைக்குள் அழைத்துப்போய், "ரசமட்டம் வச்சுப் பாருங்க, ஒரு நூல்கூட ஏறி இறங்கியிருக்காது" என்பார். அதை இப்போது அவரே பிரிக்கச் சொன்னது அவருடைய அக்காவுக்காக. யார் வீட்டுக்குப் போனாலும் ஜன்னல் விளிம்பை விரலால் தடவிப் பார்ப்பதால், குடும்பத்தில் அவளுக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர். இனி இந்த அறையில் தங்க இன்று மாலை வருகிறாள். மேலே மரம் தெரிந்தால்தான் மூச்சு முட்டாது என்று சொல்லியிருந்தாள்.

வெயில் இறங்கி ஓடு குளிரும்போதுதான் அந்தச் சத்தம் வரும். யாரோ தூக்கத்தில் பல்லைக் கடிப்பதுபோல ஒரு நெறிப்பு, அவள் தலையணைக்கு நேர் மேலே. அவருக்கு அது கேட்டதே இல்லை. "விட்டத்தைப் பாத்துட்டே கெடந்தா கண்டதும் கேக்கும்" என்றார். அதை அக்காவுக்கும் போனில் சொன்னார். "உன் வீட்லதான் விட்டமே தெரியாதேடா, அப்புறம் எதைப் பாக்கறா?" என்று அவள் சிரித்தது இவளுக்கும் கேட்டது. பிறகு டாக்டர், மாத்திரை. தூக்கம் வந்தது. சத்தம் நிற்கவில்லை, சொல்வதை மட்டும் இவள் நிறுத்திக்கொண்டாள்.

"போதும்ணே. ஜன்னல் பக்கம் இருக்கற அந்த ஒண்ணை விட்டுடுங்க" என்றார் கணவர் திடீரென்று.

"ஏன் சார்?"

"அது இருக்கட்டும். ஒரு டிசைன் மாதிரி இருக்கும்."

"தலை முழுக்க மொட்டை போட்டுட்டு ஒரு கொத்து முடிய மட்டும் விட்டா, அது டிசைனா சார்?"

அவர் சிரிக்கவில்லை. கழுத்தைச் சொறிந்துகொண்டார். பொய் சொல்ல நேரும்போது மட்டும் அவருக்கு அங்கே அரிக்கும்.

அந்தப் பலகைக்குக் கீழேதான் அவள் தலையணை இருக்கும். அப்படியானால் இவருக்குத் தெரியும் என்று நினைத்தாள்.

"அதையும் எடுத்துடுங்க" என்றாள். தச்சர் கணவரைப் பார்த்தார். மறுபடி சொன்னாள்.

பலகையோடு பழைய மரத்தூள் பொலபொலவென்று கொட்டியது. தச்சர் எக்கி, விட்டத்தின் அடியில் விரலை விட்டுப் பார்த்தார்.

"விட்டத்தோட வயித்தைக் கிழிச்சிருக்காங்களே. இந்த ஒண்ணு மட்டும் தாழ்ந்து நின்னுருக்கு. பலகை மட்டமா உக்காரலைன்னு அடியில அறுத்துத் தள்ளிட்டாங்க. அங்கேருந்து வெடிப்பு ஓடியிருக்கு, விரலே போகுது. எந்தப் புண்ணியவான் வேலை சார் இது?"

"பழைய வீடு. யார் செஞ்சாங்களோ."

தச்சர் உள்ளங்கையை விட்டத்துக்குக் கீழே கொடுத்து மேலே தள்ளிப் பார்த்தார். நெறிப்பு. அதே பல்கடிச் சத்தம். மூவரும் கேட்டார்கள்.

இந்தக் கணத்துக்காக எவ்வளவோ நாள் ஏங்கியிருந்தாள். வந்தபோது சந்தோஷமே இல்லை. ஒவ்வொரு முறையும் மாத்திரையோடு தண்ணீரும் எடுத்து நீட்டிய அவருடைய கைதான் ஞாபகம் வந்தது.

"வெடிப்புக்குக் கீழ ஒரு தூண் முட்டுக் கொடுத்தாகணும் சார். இரும்புப் பட்டை போட்டு இறுக்கறவரைக்கும் இதுக்கு அடியில யாரும் படுக்க வேணாம்."

"ரூமுக்குள்ள தூணா? எங்கக்கா பாத்தா என் மானம் போயிடும். வெடிப்பைப் புட்டிப் பசை வச்சு அடைச்சு சாயம் அடிச்சுடுங்க. மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்."

"அடிக்கச் சொன்னா அடிச்சுட்டுப் போறேன். நீங்க சொல்லவே இல்லையேன்னு நாளைக்கு என்னைக் கேக்கக் கூடாது." தச்சர் ஏணியிலிருந்து இறங்கி, புட்டி வாங்கக் கடைக்குப் போனார்.

கணவர் அவள் பக்கம் திரும்பினார். குரலைக் குழைத்துக்கொண்டார். "சரி, ஏதோ சத்தம்னு சொல்லிட்டிருந்தே. இருந்திருக்கலாம். விடு. அக்காகிட்ட இதையெல்லாம் அவுத்து விடாதே."

"நீங்கதானே அறுத்தது?"

"இத்தனை வருஷம் விழாதது இன்னைக்கா விழப்போகுது?"

"அப்ப நாமளே இங்க படுத்துக்கலாம். அக்கா ஹால்ல படுக்கட்டும்."

அவர் அண்ணாந்து பார்த்தார். ஓரடி நகர்ந்து நின்றார். நகர்ந்தது அவருக்கே தெரியவில்லை. அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

வாசலில் கார்க் கதவு அறைந்து சாத்தப்பட்டது. "பெட்டியைப் படுக்கப் போடாதேன்னு சொன்னேன்ல? உன் வீட்டுப் பெட்டின்னா இப்படிப் போடுவியா?" இன்ஸ்பெக்டர் டிரைவரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சொல்லிவைத்த நேரத்துக்கு முன்பே வந்துவிட்டாள்.

சுவரோரம் நிறுத்தியிருந்த கட்டிலை அவர் அவசரமாகப் பழைய இடத்துக்கே இழுத்தார். தலைமாடு சரியாக அந்த விட்டத்தின் கீழே போய் நின்றது.

"சீக்கிரம் விரிப்பைப் போடு. மேல என்னன்னு கேட்டா, சாயம் அடிக்கற வேலை பாக்கின்னு சொல்லு."

போனில் இவளைக் கேலி செய்து சிரித்தவள்தான் வருகிறாள். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருந்தது. இருந்தாலும் அந்த வெடிப்புக்குக் கீழே வைக்கப்போவது ஒரு மனுஷியின் தலை.

கையிலிருந்த விரிப்பை இன்னொரு மடிப்பு மடித்து, நாற்காலிமேல் வைத்தாள்.

"இங்க விரிக்க மாட்டேங்க" என்றாள்.