வேலை கேட்காத செடி

என் மாமனார் முப்பது வருஷம் குடிநீர் வாரியத்தில் வால்வு திறந்தவர். மாமியார் போன பிறகு எங்களோடு வந்து சேர்ந்தார். காலை ஆறு மணிக்கு ஹோஸ் பைப்பைப் பிடித்தால் எட்டு மணி வரைக்கும் வாசல் புல்லுக்குத் தண்ணீர்தான். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே வருவார். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. நல்ல மருமகன் என்று பெயரெடுக்கிற ஆசை வேறு.

நர்சரிக்காரர் ஒரு செடியைக் காட்டினார். வெள்ளி நிறம், ஆட்டுக்குட்டிக் காது மாதிரி மெத்தென்ற இலை. தரையோடு படரும், வருஷக்கணக்கில் நிற்கும். வேர் பிடித்துவிட்டால் தண்ணீர் எப்போதாவது போதும், மறந்தே போனால் இன்னும் நல்லது என்றார். கரும்பு தின்னக் கூலியா? நாற்பது கன்று வாங்கினேன். புல்லைக் கொத்தி எறிந்துவிட்டு நானே நட்டேன். வேர் பிடித்ததும் பைப்பைச் சுருட்டிப் பரணில் போட்டேன். இதற்கு யாரும் எதுவும் செய்ய வேண்டாம், இனிமேல் நிம்மதியாக உட்காருங்கள் மாமா என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சந்தோஷத்தில் வாயடைத்துப் போய்விட்டார் என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டேன்.

ஒரே மாதத்தில் நடுவிலிருந்த செடிகள் கறுத்துக் குழைந்தன. ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு போய் நர்சரிக்காரரிடம் சண்டை போட்டேன். அவர் வேரை முகர்ந்து பார்த்தார். அழுகல், யாரோ தினமும் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்றார். எங்கள் வீட்டில் அப்படி யாருமில்லை என்று அடித்துச் சொன்னேன்.

மறுநாள் காலையில் பல் துலக்கிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மாமா வாளியிலிருந்து சொம்பால் மொண்டு மொண்டு ஒவ்வொரு செடிக்கும் ஊற்றிக்கொண்டிருந்தார். துவண்டு கிடந்த செடிக்கு இரண்டு சொம்பு.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. வாயில் நுரையோடு ஓடிப்போய், இது தண்ணீர் கேட்காத செடி என்று எத்தனை தடவை சொல்வது என்று கத்தினேன். மாமா சொம்பை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். அறுபத்தெட்டு வயது மனிதர்.

"தெரியும் மாப்பிள்ளை. அன்னைக்கே சொன்னீங்க, அதுக்கு யாரும் எதுவும் செய்ய வேணாம்னு" என்றார். "அப்போ நான் காலையில எதுக்கு எந்திரிக்கணும்? அதையும் சொல்லிடுங்க."

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆபீசுக்கு நேரமாகிவிட்டது மாமா என்று முனகிவிட்டு உள்ளே வந்தேன். அப்படிச் சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு ஆபீசாவது இருந்தது.